விண்டோஸ் கேம் லினக்ஸில் ஓடுமா? பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திக்கொண்டது மைக்ரோசாஃப்ட். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கம்ப்யூட்டர்களில் அதை முறைப்படி இன்ஸ்டால் செய்ய முடியாது. நன்றாக ஓடும் கம்ப்யூட்டரைத் தூக்கிப்போட மனம் வராதவர்களுக்கு இருக்கும் இலவச வழி, லினக்ஸ். ஆனால், வீட்டுப் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, ``அதுல கேம் ஓடுமா?" என்பதுதான்.

ஏன் ஓடாது?

ஃபைலைத் திறக்க, படம் வரைய, சத்தம் எழுப்ப என ஒவ்வொன்றுக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம்தான் கேம் உதவி கேட்கும். விண்டோஸுக்காக உருவான கேம், விண்டோஸின் பாஷையில் கேட்கும். லினக்ஸுக்கு அது புரியாது.

இருவருக்கும் நடுவே துபாஷியாக நிற்பதுதான் `ஒயின்' என்ற இலவச மென்பொருள். 1993-ல் தொடங்கிய இந்தப் பணியில், முதல் நிலையான பதிப்பு வெளிவரவே 15 ஆண்டுகள் ஆயின. கம்ப்யூட்டருக்குள் இன்னொரு விண்டோஸை இது ஓட்டுவதில்லை. கேமின் கோரிக்கைகளை அப்போதைக்கப்போது லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றித் தருகிறது.

ஒரு ரசிகரின் ஆசை

கிராஃபிக்ஸ்தான் பெரிய தலைவலியாக இருந்தது. `நியர்: ஆட்டோமேட்டா' கேமை லினக்ஸில் விளையாட ஆசைப்பட்ட பிலிப் ரெபோலே என்ற புரோகிராமர், `டி.எக்ஸ்.வி.கே' என்ற மென்பொருளை எழுதினார. விண்டோஸின் டைரக்ட் 3டி கட்டளைகளை, லினக்ஸிலும் இயங்கும் வல்கனுக்கு மாற்றுவதே இதன் வேலை.

`ஸ்டீம்' கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம், இந்த இரண்டையும் சேர்த்து 2018 ஆகஸ்ட்டில் `புரோட்டான்' என்று வெளியிட்டது. 2015-ல் வால்வ் ஆதரவோடு வந்த, லினக்ஸில் இயங்கும் ஸ்டீம் மெஷின்கள், போதிய கேம்கள் இல்லாமல் எடுபடவில்லை. 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக்கிலும் லினக்ஸ்தான். இந்த முறை புரோட்டான் கைகொடுத்தது. ஆயிரக்கணக்கான விண்டோஸ் கேம்கள் அதில் ஓடுகின்றன.

எங்கே இடிக்கிறது?

ஆன்லைனில் பலர் மோதும் கேம்களில்தான். ஏமாற்று ஆட்டக்காரர்களைப் பிடிக்கும் `ஆன்டி சீட்' மென்பொருள்களில் சில, விண்டோஸின் அடிமட்டம் வரை போய் வேலை செய்பவை. அங்கே துபாஷியால் ஒன்றும் செய்ய முடியாது. வேலரன்ட், ஃபோர்ட்நைட் இரண்டும் லினக்ஸில் ஓடாததற்கு இந்த ஆன்டி சீட் விவகாரமே காரணம்.

ஓடிக்கொண்டிருந்த கேமும் நின்றுபோகலாம். லினக்ஸில் விளையாட முடிந்த `ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்', ஏமாற்றுபவர்கள் அதிகம் என்று காரணம் சொல்லி 2024 அக்டோபர் இறுதியில் கதவை மூடியது. அதில் பணம் கட்டி உடைகள், ஆயுத அலங்காரங்கள் வாங்கிய லினக்ஸ் பயனர்களுக்கும் அதே கதிதான்.

மாறும் முன்...

* உங்கள் வீட்டில் விளையாடும் கேம்களைப் பட்டியலிடுங்கள். `புரோட்டான் டிபி' தளத்தில் ஒவ்வொன்றும் எப்படி ஓடுகிறது என்று பயனர்களே எழுதியிருப்பார்கள்.

* லினக்ஸை முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சவுண்டு, பிரின்ட்டர் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று தெரிந்துவிடும்.

* இன்ஸ்டால் செய்வதற்கு முன் போட்டோ, டாக்குமென்ட்களை வேறு டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள்.

* ஸ்டீமில் ஒரு கேம் திறக்க மறுத்தால், அதன் பிராபர்ட்டீஸில் `கம்பாட்டிபிலிட்டி' பகுதிக்குப் போய் வேறொரு புரோட்டான் பதிப்பைத் தேர்வு செய்து பாருங்கள்.

லினக்ஸ் போட்டதால் பழைய கிராஃபிக்ஸ் கார்டு புதிதாகிவிடாது. முன்பு திணறிய கேம் இப்போதும் திணறலாம். தனியாக விளையாடும் கேம்கள்தான் அதிகம் என்றால், தாராளமாக முயன்று பார்க்கலாம். நண்பர்களோடு வேலரன்ட் ஆடுவதுதான் முக்கியம் என்றால், விண்டோஸை அழிக்க அவசரப்பட வேண்டாம்.