மாடி சோலாருக்குக் கடன் வாங்கலாமா?



பெசன்ட் நகர் குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க: "மாடியில சோலார் போட்டா கரண்ட் பில்லே வராதாமே, லோன் கிடைக்குமா?"

2030-க்குள் நாட்டின் மின் நிறுவுதிறனில் பாதி, நிலக்கரி போன்ற எரிபொருள் சாராததாக இருக்கணும் என்பது இலக்கு. 2025-லேயே எட்டிவிட்டோம். வீடுகளுக்காக 2024-ல் பி.எம். சூர்யா கர் திட்டம் வந்தது. மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000.

மானியம் முன்கூட்டியே வராது. பேனல் பொருத்தி, மின்வாரியம் மீட்டர் வைத்த பிறகே உங்கள் வங்கிக் கணக்கில் ஏறும். "மானியம் வாங்கித் தர்றேன்" என்பவரிடம் பணம் கொடுக்காதீங்க. சொந்த மாடியும் வேணும்.

1 கிலோவாட் தினமும் சுமார் 4 யூனிட் தரும். 2016-லேயே இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டை இலவசமாக்கினார்கள். அதனால் கொஞ்சமாக ஓடும் வீட்டில் மிச்சம் குறைவு, தவணைதான் பாரம். 500 யூனிட் தாண்டும் வீட்டுக்குக் கட்டுப்படியாகும்.

அக்கா வீட்டில் 140 யூனிட்தான். "அப்ப வேணாம்"னாங்க. நீங்களும் பில்லைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.