குலசேகரன்பட்டணமும் தேரிக்காடும்

புதுக்கோட்டை ஜில்லாவின் கடற்கரையிலுள்ள மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் முதலிய ஊர்களினின்றும் திருச்செந்தூருக்கு யாத்திரை செல்லும் குடியானவர்கள், சுவாமி தரிசனம் ஆனவுடன் ஊர் திரும்பிவிடாது, தெற்கே ஏறக்குறைய எட்டு மைல் சென்று குலசேகரன்பட்டணத்தையும் பார்த்துவருதல் நலம். 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி அடித்த கஜா புயலில் தென்னைகள் வேரோடு சாய்ந்த தோப்புகளின் வரப்புகளில், பனைகள் பெரும்பாலும் நிமிர்ந்தே நின்றதை அவர்கள் மறந்திரார். அப்பனையை நம்பியே பிழைத்த சீமை இது.

குலசேகரன்பட்டணம் பழைய துறைமுகம். இப்பொழுது கப்பல்கள் வருவதில்லை. மீன்பிடி படகுகளும், தசராவின்போது முத்தாரம்மன் கோயிலுக்கு வேஷங்கட்டி வரும் பெருங்கூட்டமுமே ஊரின் சிறப்பு. பனைவெல்லத்தைச் சுத்திசெய்து சர்க்கரையாக்கிய ஆலையொன்று முன்னர் இங்கிருந்தது. திருச்செந்தூரிலிருந்து இவ்வூர் வழியாகத் திசையன்விளை வரை ஓடிய சிறு ரயிலும் 1940-இல் நின்றுபோயிற்று. 2024 பிப்ரவரி 28-ந் தேதி ராக்கெட் ஏவுதளத்துக்கு இங்கே அஸ்திவாரக்கல் நாட்டப்பெற்றது.

ஊருக்கு வடமேற்கே குதிரைமொழித் தேரி தொடங்குகிறது. பாலைவனமோ என்று ஐயுறும்படி மேடும் பள்ளமுமாய்ச் செக்கச்செவேலென்ற மணல். மணற்பொடியின்மேல் இரும்புச்சத்து துருவாய்ப் படிந்திருத்தலே அந்நிறத்திற்குக் காரணம். ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே புகுந்துவரும் வறண்ட மேல்காற்று இம்மணலை வாரிக்கொண்டு கிழக்கே கொட்டும். அதனைத் தடுத்து நிறுத்துவன பனையும் உடையும், வனத்துறையார் வைத்த முந்திரியுமேயாம். பனையின் வேர்கள் நார்நாராய் நாற்புறமும் ஓடி மணலைப் பற்றிக்கொள்கின்றன. ஆயினும் தேரி நீரற்றதன்று. மழைநீர் மணலில் இறங்கி அடியில் தங்குகிறது. மேலப்புதுக்குடி அய்யனார் கோயிலருகே நன்னீர்ச் சுனையொன்றைக் காணலாம்.

அருகிலுள்ள உடன்குடியின் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மதிப்பு உயர்ந்தும் மரம் ஏறுவார் குறைந்துவருகின்றனர். பருவகாலத்தில் காலையும் மாலையும் ஒவ்வொரு மரமாக ஏறிப் பாளை சீவவேண்டும். தவறி விழுந்தால் குடும்பமே விழும். இத்தொழிலைப் பிள்ளைகள் விரும்பாததில் வியப்பென்ன? ஏறுவாரில்லாத பனை செங்கற்சூளைக்கு விறகாகப் போய்விடுகிறது. பனையை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்ததும் இதுபற்றியே.

பனை வைக்க விரும்புவோர் கொட்டையை நிலையாக வளரவேண்டிய இடத்திலேயே, பத்தடிக்கு ஒன்றாகப் புதைத்துவிடவேண்டும். முளை முதலில் மண்ணுள் இறங்கிக் கிழங்காய்த் திரண்ட பின்னரே குருத்து வெளிப்படுமாதலால், பெயர்த்து நட்டவை பெரும்பாலும் பட்டுப்போம். பதநீர் இறக்கப் பன்னிரண்டு முதல் பதினைந்து வருஷம் பொறுக்கவேண்டும். ஆவணியில் திருச்செந்தூர் செல்வோர் பழம் உதிர்ந்துகிடக்கும் தோப்புகளில் உடையவரைக் கேட்டு ஒரு சாக்குக் கொட்டை பெற்றுவந்தால், ஐப்பசி மழைக்குமுன் வரப்பில் ஊன்றிவிடலாம்.