பளிங்கு மேடையில் தேசிக்காய்ச் சாறு

நோர்வேயின் நீர்வழங்கல் நிலையங்கள் பலவற்றில், குழாய்க்கு அனுப்புமுன் குடிநீரைப் பளிங்குத் துகள்கள் நிரம்பிய வடிகட்டியின் ஊடாக விடுகிறார்கள். மலையேரித் தண்ணீர் மென்மையானது, கொஞ்சம் அமிலத்தன்மையும் உள்ளது. அப்படியே விட்டால் குழாய்களை அரித்துவிடும். பளிங்கு தன்னைக் கரைத்துக் கொடுத்து அந்த அமிலத்தை அடக்குகிறது. துகள்கள் கரைந்து குறையக் குறையப் புதிதாகக் கொட்டவேண்டும். நோர்வேயின் திராமன் நகரில் வீடு வாங்கி, குசினிக்கு வெள்ளைப் பளிங்கு மேடை போட ஆசைப்படுகிறவர் கடைக்குப் போகுமுன் யோசிக்க வேண்டியது இந்த வடிகட்டியைப் பற்றித்தான். கரைவது இந்தக் கல்லின் இயல்பு; எந்தப் பராமரிப்பும் அந்த இயல்பை மாற்றாது.

பளிங்கு என்பது பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் மறுபடி படிகமான சுண்ணாம்புக்கல். இரண்டுமே கல்சியம் கார்பனேற். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் கேத்தலின் உட்புறத்தில் வெள்ளையாகப் பிடிக்கிறதே, அதுவும் இதே பொருள்தான். அதைத் தேசிக்காய்ச் சாறு விட்டுக் கழற்றுவதில் நடக்கும் வேதிவினையும், பளிங்கு மேடையில் சாறு சொட்டினால் நடப்பதும் ஒன்றே: கார்பனேற் கரைகிறது, கரியமிலவாயு வெளியேறுகிறது, பளபளப்பு போன இடத்தில் மங்கிய வட்டம் மிஞ்சுகிறது. பலர் அதைக் கறை என்று எண்ணித் தேய்க்கிறார்கள். அங்கே தேய்த்து எடுக்க ஒன்றுமில்லை. கல்லின் மேற்பரப்பே கொஞ்சம் போய்விட்டது. பழப்புளியின் டார்டாரிக் அமிலம், தேசிக்காயின் சிற்றிக் அமிலம், தக்காளி, வினாகிரி எல்லாம் இதைச் செய்யும். நோர்வேக் கடைகளில் எடிக் என்று விற்கும் 7 வீத வினாகிரியால் குசினியைத் துடைக்கும் பழக்கம் வேறு இருக்கிறது. அந்தப் போத்தலைப் பளிங்கின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. இங்கத்தைய தண்ணீர் மென்மையானது என்பதால், ஊரில்போல அமிலம் ஊற்றிக் கழற்ற வேண்டிய படிவும் அவ்வளவாகச் சேர்வதில்லை.

‘சீலர் பூசினால் போதும்’ என்பது விற்பனையாளர் சொல்லும் சமாதானம். அதில் பாதி உண்மை. சீலர் கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கி, எண்ணெயும் நிறமும் ஊறுவதைத் தாமதப்படுத்தும். துடைக்க நேரம் தரும். மேற்பரப்பில் இருக்கும் கார்பனேற்றை அமிலத்திடமிருந்து அது காப்பாற்றாது. ஆகவே கறைக்கு வழி உண்டு, அரிப்புக்கு இல்லை. மஞ்சள் கறையை எடுத்துக்கொள்ளுங்கள். சோப்புத் தண்ணீர் பட்டால் அது முதலில் செந்நிறமாகிப் பயமுறுத்தும். காரத்தில் குர்குமின் அப்படித்தான் நிறம் மாறும். வெயில் அதை வெளுக்கச் செய்யும், ஆனால் மார்கழியில் ஆறு மணி நேரமே பகல் உள்ள திராமனில் வெயிலை நம்பியிருக்க முடியாது. அப்பச்சோடாவில் மருந்துக்கடை ஹைட்ரஜன் பெரொக்சைட்டை விட்டுக் குழைத்து, கறைமேல் தடிப்பாக அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விட்டால் கறை பெரும்பாலும் மேலேறி வந்துவிடும். தாஜ்மகாலின் மஞ்சளித்த சுவர்களுக்கு இந்தியத் தொல்லியல் துறை முல்தானி மிட்டி அப்புவதும் இதே வழிதான்.

இத்தாலியர் நூற்றாண்டுகளாகப் பளிங்கில் மாப் பிசையவில்லையா என்று கேட்கலாம். பிசைகிறார்கள். கையின் சூட்டை விரைவாக இழுத்துக்கொள்வதால் மாவுக்குப் பளிங்கு நல்ல கல். ஆனால் அவர்கள் மங்கலையும் கீறலையும் கல்லின் வயது என்று ஏற்றுக்கொண்டவர்கள். மோஸ் அளவில் பளிங்கின் கடினம் 3. கத்தியின் உருக்கு அதைச் சுலபமாகக் கீறும். புதுமேடை பத்து வருடத்துக்குக் கண்ணாடிபோல இருக்க வேண்டும் என்பவருக்கு இத்தாலியரின் உதாரணம் உதவாது. மங்கல் பரவாயில்லை என்பவர் பளபளப்பேற்றாத, மட்டாகத் தீட்டிய பளிங்கைக் கேட்டு வாங்கலாம். வட்டங்கள் அதில் அவ்வளவாகத் தெரியாது. சூட்டையும் மறக்கக் கூடாது. கல்சைற் படிகம் சூடாகும்போது ஒரு திசையில் விரிந்து மறுதிசையில் சுருங்குகிறது. மணிகளுக்கிடையே பிடி தளர்கிறது. 1971இல் திறந்த ஹெல்சிங்கியின் பின்லாண்டியா மண்டபத்தில் கட்டடக்கலைஞர் அல்வார் ஆல்டோ பதிக்கச் செய்த கராரா பளிங்குப் பலகைகள் வெளிக் குளிரிலும் வெயிலிலும் மாறி மாறிக் கிடந்து வளைந்தன. 1990களின் இறுதியில் மாற்றினார்கள், புதியவையும் வளைந்தன. வீட்டுக்குள் அந்த அளவுக்கு வராது, ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை நேரே வைக்காமல் கீழே ஒரு பலகை போடுவது நல்லது.

அப்படியானால் செயற்கைக் குவார்ட்ஸ் பலகையா? அமிலத்துக்கு அது அசையாது, உண்மைதான். ஆனால் அதன் துகள்களைப் பிணைக்கும் பிசின் கடுஞ்சூட்டில் கெடும். அதைவிடப் பெரிய விஷயம் அதை வெட்டும் தொழிலாளியின் நுரையீரல்: சிலிக்காத் தூசி தந்த சிலிக்கோசிஸ் நோயால் 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா அந்தப் பலகையையே தடைசெய்தது. திராமனில் இருப்பவருக்கு இந்த இரண்டு சங்கடமும் வேண்டியதில்லை. ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் லார்விக் வந்துவிடும். அங்கே வெட்டும் லார்விகைட் நோர்வேயின் தேசியக் கல். சென்னைக் கடைகளில் ‘புளூ பேர்ல் கிரனைட்’ என்று விலைபோவதும் அதுவே. பெல்ட்ஸ்பார் நிறைந்த அந்தக் கல்லின் கடினம் ஏறக்குறைய 6, குவார்ட்ஸ் மிகக் குறைவு, புளியும் தேசிக்காயும் அதன் மினுக்கத்தைத் தொடா. வெள்ளை இல்லை என்பதுதான் குறை.

சமைக்கும் இடத்துக்கு லார்விகைட், மாப் பிசையவோ அழகுக்கோ ஒரு மூலையில் பளிங்கு என்று பிரித்துப் போடுவதே என் தெரிவு. முழு மேடையும் பளிங்குதான் வேண்டும் என்பவர் காசு கட்டுமுன் கடையில் ஒரு மாதிரித் துண்டு கேட்டு வாங்குங்கள். வீட்டில் அதன்மேல் ஒரு கரண்டி இரசம், அரைத் தேசிக்காய், கொஞ்சம் மஞ்சள் வைத்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் கழுவித் துடைத்து, ஜன்னலோரம் சரித்துப் பிடித்துப் பாருங்கள். அந்தத் தோற்றம் சம்மதமென்றால் மட்டும் வாங்குங்கள்.