இரண்டரை நிமிட இலாபம்

சற்று விரைந்து ஓட்டினால் நேரத்தோடு போய்ச் சேரலாம் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அந்த இலாபந்தான் எவ்வளவு? மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் 10 கிலோமீற்றர் தூரத்தைக் கடக்க 10 நிமிடம் செல்லும். 80 கிலோமீற்றர் வேகத்திலாயின் ஏழரை நிமிடம். மிஞ்சுவது இரண்டரை நிமிடமே!

அதற்கு நாம் வைக்கும் பணயமோ பெரிது. 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீற்றர் ஓடிவிடும். கண் கண்டதைக் கால் உணர்ந்து பிரேக்கை மிதிக்குமுன் அத்தூரம் போய்விடுகின்றது. வேகம் இருமடங்கானால், பிரேக்கை மிதித்தபின் வாகனம் ஓடும் தூரம் நான்கு மடங்காகும்.

2005ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள், பொல்காவலைக்கு அண்மையில், யாங்கல்மோதரைப் புகையிரதக் கடவையில், புகையிரதம் வருமுன் கடந்துவிட முயன்ற பஸ் ஒன்று மோதுண்டது. 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வளையம் ஒருவர் கையில் இருந்தது, உயிர்களோ பலருடையவை. அவற்றைப் பணயம் வைக்க எந்தச் சாரதிக்கும் உரிமை இல்லை.

ஒவ்வொரு வளைவிலும் பொலிசார் நிற்றல் இயலாது. வீதியைக் கடக்கும் சிறுவனை நம் வீட்டுப் பிள்ளையாக எண்ணி வேகத்தைக் குறைப்போம். பிந்தி வந்தமைக்கு மன்னிப்புக் கேட்கலாம். போன உயிரை எவரிடம் கேட்பது?