இருசுழியும் முச்சுழியும்: கையெழுத்திலும் தட்டச்சிலும் மனம் இயங்கும் வழிகள்

‘கொ’ என்னும் உயிர்மெய்யை ஒலிக்கும் நா ககர மெய்யில் தொடங்கி ஒகரத்தில் முடிக்க, அதையே தாளில் எழுதும் கை முதலில் ஒற்றைக்கொம்பையும் அடுத்துக் ககரத்தையும் இறுதியில் துணைக்காலையும் இடுகிறது. ஒலியின் வரிசையும் கோட்டின் வரிசையும் இவ்வாறு வேறுபடுவதால், பேனா தாளைத் தொடும் முன்பே எழுத்தின் முழு வடிவமும் மனத்தில் நின்றாக வேண்டும். எழுதும் கையசைவை ஆள்வதில் மூளையின் இடது முன்மடலில் உள்ள ஒரு சிறு பகுதிக்குத் தனிப்பங்கு உண்டு என்று ஆஸ்திரிய அறிஞர் சிக்மண்ட் எக்ஸ்னர் 1881-இல் முன்மொழிந்தார்; அது இன்றும் எக்ஸ்னர் பகுதி என்றே வழங்குகிறது.

தட்டச்சில் மனத்தின் வேலைப் பிரிவினை வேறு. உளவியலாளர்களான கார்டன் லோகனும் மேத்யூ கிரம்ப்பும் 2011-இல் விளக்கியபடி, தேர்ந்த தட்டச்சரின் மனத்தில் புறச்சுழற்சி ஒன்று சொல்லைத் தேர்ந்தளிக்க, அகச்சுழற்சி அச்சொல்லை எழுத்துகளாகப் பிரித்து விரல்களை ஏவுகிறது.

தமிழில் இந்த அகச்சுழற்சி எவ்வரிசையில் இயங்க வேண்டும் என்பதை விசைமுகமே, அதாவது விசைகளின் அமைப்பே, முடிவு செய்கிறது. பழைய தட்டச்சுப்பொறி கையின் வழியைப் பின்பற்றிக் கொம்பை முதலில் கேட்டது. மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் 1985 முதல் வளர்த்துவந்த முரசு மென்பொருளில் இடம்பெற்ற அஞ்சல் விசைமுகமோ நாவின் வழியைப் பின்பற்றி, ஆங்கில எழுத்துகளான கே, ஓ இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டினால் ‘கொ’வைத் தருகிறது. சென்னையில் 1999-இல் நடந்த மாநாட்டை அடுத்துத் தமிழ்நாட்டு அரசு ஏற்ற தமிழ்99 விசைமுகம், 12 உயிர், 18 அகரமேறிய மெய், ஆய்தம் ஆகிய 31 விசைகளைக் கொண்டே 247 எழுத்துகளையும் அமைக்கிறது.

மலாய் மொழியையும் ஆங்கிலத்தையும் உரோமன் எழுத்தில் பயிலும், மலேசியாவின் பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் வட்டார மாணவருக்கு அஞ்சல் முறை எளிதில் கைவரும். ஆயினும் னகரத்துக்குச் சிறிய ‘என்’, ணகரத்துக்குப் பெரிய ‘என்’ என்று விரல் பழகும்போது, இருசுழி, முச்சுழி என்று தமிழர் அவற்றுக்கு இட்ட பெயர்களில் உள்ள கையின் நினைவு அங்கே செயற்படுவதில்லை.

அந்த நினைவின் பயனை ஆய்வாளர் கேரின் ஜேம்ஸ் 2012-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகள் தாமே கையால் எழுதிப் பழகிய எழுத்தைப் பின்னர்ப் பார்த்தபோது, தட்டிப் பழகிய எழுத்தைப் பார்த்தபோது இருந்ததைவிட, வாசிப்புக்குரிய மூளைப்பகுதிகள் மிகுதியாக இயங்கின. ஒரே எழுத்தைக் கோணலாகவும் நேராகவும் பலவாறு எழுதிப் பார்ப்பதால், அதன் மாறாத கூறுகள் எவை என்று குழந்தை உணர்கிறது என்பது அவர் தரும் விளக்கம். நார்வேயில் 36 பல்கலைக்கழக மாணவரின் மூளையலைகளைப் பதிந்து 2024-இல் வெளியான ஆய்வும், கையால் எழுதும்போது மூளைப்பகுதிகளின் இணைப்பு மிகுவதைக் கண்டது. ஆனால் அம்மாணவர் ஒரே விரலால் தட்டியதால், பத்து விரலாலும் தட்டும் பழக்கத்துக்கு அம்முடிவை அப்படியே பொருத்துதல் தகாது.

ஆகவே கையெழுத்தும் தட்டச்சும் ஒன்றையொன்று விலக்க வேண்டியவை அல்ல. எது முதலில் என்பதே கேள்வி. தமிழ்ப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளில் கையால் எழுதும் நேரம் குறையாமல் காக்கப்பட வேண்டும். முச்சுழி கைக்குப் பழகிய பின்னர், தமிழ் எழுத்திலக்கணத்தையே அடிப்படையாகக் கொண்ட தமிழ்99 முறையை அப்பள்ளி மாணவருக்குக் கற்பிக்க வேண்டும்.