ஒரே படத்தில் ஒரு முழு நாள்!

படத்தின் இடது ஓரத்தில் பொழுது விடிகிறது. நடுவில் உச்சி வெயில். வலது ஓரத்தில் இருட்டத் தொடங்கி விட்டது. இப்படி ஒரு படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரே இடத்தில் நிறுத்திய கேமராவால் நாள் முழுவதும் படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பட்டையை வெட்டி ஒட்டியிருப்பார்கள். இதற்கு டைம் ஸ்லைஸ் என்று பெயர். சிங்கப்பூரைச் சேர்ந்த ஃபோங் ச்சி வெய் 2013-இல் வெளியிட்ட படங்கள் இந்த முறையைப் பலருக்கும் அறிமுகப்படுத்தின.

எங்கள் ஊர் வீட்டின் பின்னால் வயல்வெளி. அது வீட்டு மனைகளாகப் போகிறது என்று தெரிந்ததும், அதன் ஒரு நாளை இப்படிப் பதிந்து வைக்க விரும்பினேன். மாசி மாதம் மொட்டை மாடியில் கேமராவை வைத்தேன்.

முதல் முயற்சி வீணானது

மதியம் வடாம் காயப் போட வந்த அம்மா ஸ்டாண்டைச் சற்றே நகர்த்தி விட்டார். அதன் பிறகு எடுத்த படங்கள் எதுவும் காலைப் படங்களுடன் பொருந்தவில்லை. இன்னொரு தவறு என்னுடையது. வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டிருந்தேன். காலைச் செம்மையைக் கேமரா தவறு என்று நினைத்துத் திருத்தி விட்டது!

எனவே இவற்றைக் கவனியுங்கள். ஸ்டாண்டை யாரும் தொடாத இடத்தில் வையுங்கள். வொயிட் பேலன்ஸை டேலைட் என மாற்றுங்கள். ஃபோகஸை மேனுவலில் வையுங்கள். அப்பெர்ச்சர் பிரையாரிட்டி முறையைத் தேர்வு செய்தால், வெளிச்சத்திற்கேற்ப ஷட்டர் வேகம் மாறும். குறிப்பிட்ட இடைவெளியில் தானாகப் படமெடுக்க உங்கள் கேமராவில் இன்டர்வெல் டைமர் உள்ளதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு போன் என்றால் ஓப்பன் கேமரா என்ற இலவச மென்பொருளில் இவ்வசதி உண்டு.

கணக்கு

காலை 6.30 முதல் மாலை 6.30 வரை 5 நிமிடத்துக்கு ஒரு படம் என்றால் 145 படங்கள். ஒரு படம் 10 எம்பி எனக் கொண்டால் ஏறக்குறைய 1.5 ஜிபி இடம் தேவை. இவற்றில் அரை மணிக்கு ஒன்றாக 25 படங்களை எடுத்துக் கொள்ளுங்கள். படத்தின் அகலம் 6000 பிக்சல் என்றால் ஒரு பட்டை 240 பிக்சல்.

கிம்ப்பில் இணைப்பது எப்படி?

இலவச மென்பொருளான கிம்ப்பைத் திறந்து, ஃபைல் மெனுவில் ஓப்பன் ஆஸ் லேயர்ஸ் கட்டளை மூலம் 25 படங்களையும் கொண்டு வாருங்கள். ரெக்டாங்கிள் செலக்ட் கருவியால் முதல் 240 பிக்சல் பட்டையைத் தேர்வு செய்யுங்கள். காலை 6.30 லேயரைக் கிளிக் செய்து, லேயர் மெனுவில் மாஸ்க் சென்று ஆட் லேயர் மாஸ்க் கட்டளையைக் கொடுங்கள். அதில் செலக்ஷன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பட்டை மட்டும் தெரியும். அடுத்த லேயருக்கு அடுத்த பட்டை. இப்படியே 25-ஐயும் முடியுங்கள்.

என் இரண்டாவது முயற்சியில் வானம் அழகாக வந்தது. ஆனால் வயலில் இறங்கிய கொக்கு ஒன்று பட்டை ஓரத்தில் பாதியாக வெட்டுப்பட்டிருந்தது. மாடுகள் வீடு திரும்பிய நேரமோ எந்தப் பட்டையிலும் இல்லை.

கடிகாரமா, கண்ணா?

அமெரிக்கப் புகைப்படக்காரர் ஸ்டீபன் வில்க்ஸ் 2009 முதல் எடுத்து வரும் 'டே டு நைட்' வரிசையில் இதற்கு விடை இருக்கிறது. 2015-இல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் ஒரு நீர்நிலையருகே, 18 அடி உயரத்தில் மறைவாக அமர்ந்து, 26 மணி நேரத்தில் சுமார் 2,200 படங்கள் எடுத்தார். அவற்றைச் சம பட்டைகளாக அவர் வெட்டவில்லை. ஒவ்வொரு இடத்திலும் நடந்த சிறந்த தருணத்தைத் தேர்ந்தெடுத்து இணைத்தார்.

நானும் அப்படியே செய்தேன். மீதி 120 படங்களையும் தேடி, கொக்கு முழுதாக உள்ள படத்தையும் மாடுகள் வந்த படத்தையும் சேர்த்தேன். மாஸ்க்கில் கறுப்பு-வெள்ளை கிரேடியன்ட் கொடுத்தால் பட்டைகளின் விளிம்புகள் மென்மையாகக் கலந்து விடும். ஆகவே, பயன்படாத படங்களை அவசரப்பட்டு டெலிட் செய்யாதீர்கள்.

இப்போது அந்த வயலில் மனைக்கற்கள் நட்டு விட்டார்கள். அந்தப் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. உங்கள் வீட்டு மாடியிலிருந்து தெரிவதையும் ஒரு விடுமுறை நாளில் எடுத்து வையுங்கள்.