பில்லில் பிராசசர் எண் இருக்கிறதா?

செகண்ட்ஹேண்ட் லேப்டாப் வாங்கியவர்கள் பலர் ‘ஐ7, நாலு கோர்’ என்று பெருமையாகச் சொல்கிறார்கள். திறந்து பார்த்தால் ஐ7-7500யு. உள்ளே இருப்பது இரண்டே கோர். ஹைப்பர் த்ரெடிங் இருப்பதால் விண்டோஸில் நான்கு த்ரெட்டாகத் தெரிகிறது. அந்த நான்கைக் காட்டியே விற்றுவிடுகிறார்கள்.

நினைவகத்திலிருந்து தரவு வந்துசேரும் வரை கோரின் சில பகுதிகள் சும்மா கிடக்கும். அந்த இடைவெளியில் வேறொரு வேலையை நுழைப்பதுதான் ஹைப்பர் த்ரெடிங். ஒரே அடுப்பில் இரண்டு பேர் சமைப்பது மாதிரி, அடுப்பு ஒன்றுதான். 2002-இல் இதைக் கொண்டுவந்தபோது இன்டெல்லே சுமார் 30 சதவீதம் வரைதான் வேகம் கூடும் என்றது. அதுவும் எல்லா வேலைக்கும் அல்ல. வீடியோ எடிட்டிங் செய்பவருக்குப் பலன் உண்டு. பிரவுசர், வேர்டு, ஆன்லைன் வகுப்பு என்று இருப்பவருக்கு, இரண்டு கோர் லேப்டாப்பில் கொஞ்சம் கைகொடுக்கும். நான்கு, ஆறு கோர் இருந்தால் பெரும்பாலும் வித்தியாசமே தெரியாது. 2024-இல் வந்த கோர் அல்ட்ரா 200வி லேப்டாப் பிராசசர்களில் இன்டெல் இதை எடுத்தேவிட்டது. நம் கடைக்காரர்கள்தான் இன்னும் த்ரெட்டை எண்ணி விலை சொல்கிறார்கள்.

பணம் கொடுக்கும் முன் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் சிபியு. ‘கோர்ஸ்’ என்ற வரிதான் உண்மை. ‘லாஜிக்கல் பிராசசர்ஸ்’ வரியைக் காட்டினால் ஏமாறாதீர்கள். பிராசசரின் முழுப் பெயரும் அங்கேயே இருக்கும். ஐ7-7500யுவை விட, நிஜமாகவே நான்கு கோர் உள்ள ஐ5-8250யு எவ்வளவோ மேல். முன்னதற்கு விண்டோஸ் 11 ஆதரவும் கிடையாது. விலையில் மிச்சம் பிடித்தால் ராமுக்கும் எஸ்எஸ்டிக்கும் போடுங்கள்; வேகம் கண்ணுக்குத் தெரியும்.

பில்லில் ‘லேப்டாப் ஐ7’ என்று மட்டும் எழுத விடாதீர்கள். பிராசசரின் முழு எண், கோர் எண்ணிக்கை, ராம், எஸ்எஸ்டி அளவு, சீரியல் எண், வாரன்டி எல்லாம் இருக்க வேண்டும். ‘பில் போட்டா ஜிஎஸ்டி வரும் சார்’ என்பார்கள். வரட்டும். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பதும் அப்படித்தான்.

ஏமாந்துவிட்டால் கடை வாசலில் சண்டை போட்டுப் பயனில்லை. முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். வாட்ஸ்அப் விளம்பரத்தையும் டாஸ்க் மேனேஜர் திரையையும் படமாகச் சேமியுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும். மனுவோடு முதலில் இணைக்க வேண்டியது அந்த பில்தான். அது இல்லாமல் வந்து நின்றால் நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்று நிரூபிப்பதற்கே அலைய வேண்டியிருக்கும்.